கோட்டாட்சியரான மகளுக்கு ஒரு கண்டக்டரின் கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை, பேரன் நலமும் அறிய ஆவல்.

போனில் பேசினால் பாதியில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடுகிறது. நானும் சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். இது பாதியில் விடுகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு, நிதானமாகப் படி.

உன்னிடம் ஒரு தோரணை வந்துவிட்டது, பாப்பா. நம்மைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்திருக்க வேண்டும், வழிவிட வேண்டும், வரிசை என்பது நமக்கு இல்லை என்கிற நினைப்பு வந்துவிட்டது. சுற்றி வளைத்துச் சொன்னால் நீ சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் நேராகச் சொல்கிறேன். படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். எழுதவும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான் உன் அளவுக்குப் படித்தவன் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உன் டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்திருக்க முடியாத சிலது எனக்குத் தெரியும். தோள்பையோடு பஸ்ஸில் நின்றவனுக்கு 'நான் யார் தெரியுமா' என்பது அன்றாடம் கேட்கிற கேள்வி. சிலர் வாய் திறந்துகூடக் கேட்க மாட்டார்கள். கையை லேசாகத் தூக்கி 'ஸ்டாஃப்' என்பார்கள், அவ்வளவுதான். எந்த டிபார்ட்மென்ட் சார் என்று கேட்டால் முகம் சிவந்துவிடும். டூட்டியில் போகிற போலீஸ்காரர் டிக்கெட் காசுக்குப் பதில் டிபார்ட்மென்ட் கொடுத்த பயண வாரண்டைக் கொடுப்பார், அதில் எங்களுக்குப் பிரச்சினையே கிடையாது. வாரண்டும் இல்லாமல், காசும் கொடுக்காமல், 'எங்கிட்டயே டிக்கெட்டா' என்று கேட்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நடப்பதை வெளியே யாரும் கவனிப்பதில்லை. அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த ஸ்டாப்பில் செக்கிங் ஏறினால் சார்ஜ் மெமோ கண்டக்டருக்குத்தான். விளக்கம் எழுத வேண்டும், டிப்போ மேனேஜர் ரூம் வாசலில் நிற்க வேண்டும், இன்கிரிமென்ட் நின்றாலும் நிற்கும். ஒரு 15 ரூபாய் டிக்கெட்டுக்கு. அவர்கள் 15 ரூபாய் இல்லாதவர்களும் இல்லை. எல்லாரிடமும் கேட்பதைத் தன்னிடமும் கேட்டுவிட்டானே என்பதுதான் அவர்களுக்கு அவமானம்.

நிலக்கோட்டை பூச்சந்தைக்கு விடியற்காலையில் மல்லிகைக் கூடையோடு ஏறுவார்களே, அந்தப் பெண்கள் ஞாபகம் இருக்கிறதா? லீவு நாளில் என்னோடு வண்டியில் வந்தால் அவர்கள் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று நீ அடம்பிடிப்பாய். ஏறும்போதே முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை உள்ளங்கையில் வைத்திருப்பார்கள். ஒரு நாள் அப்படி ஓர் அம்மா முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். பிரமுகர் ஒருவர் ஏறினார். வண்டி நிறைந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மாவ எழுப்பி விடுப்பா" என்றார். அந்த அம்மாவுக்கும் அவருக்கும் இடையே ஒரு கை தூரம்கூட இல்லை. தானே கேட்கவில்லை. என்னைக் கேட்க வைத்தார். நான் முடியாது என்றேன். அதற்குள் அந்த அம்மா யாரும் சொல்லாமலே எழுந்துவிட்டார். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சந்தை வரைக்கும் நின்றே வந்தார். வெள்ளை வேட்டியைக் கண்டாலே எழுந்திருக்கப் பழகிப்போன உடம்பு அது.

ஒருவருக்குத் தனியாக ஓர் இடம் கிடைக்கிறது என்றால், ஏற்கெனவே அங்கே இருந்த இன்னொருவர் எழுந்திருக்கிறார் என்று அர்த்தம். எழுப்பிவிடுகிற வேலையும் கீழே இருக்கிற ஒருவன் தலையில்தான் விழும். கண்டக்டரோ, வாட்ச்மேனோ, டிரைவரோ. சலுகை வாங்குகிறவருக்கு இந்த இரண்டு பேருமே கண்ணில் படுவதில்லை. நான் அந்த இடத்திலேயே நின்றவன், அதனால் எனக்குப் படுகிறது.

போன மாதம் மலைக்கோயிலில் பட்டது.

கார்த்திகை நாள், நல்ல கூட்டம். நாம் காரை விட்டு இறங்கும்போதே அந்த ஊர் வி.ஏ.ஓ. மாலையும் இளநீருமாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்து கேட் வழியாகப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு போனார். அவர் முன்னால் போய்விட்டார், நாம் கொஞ்சம் பின்தங்கிவிட்டோம். கேட்டில் நின்ற பையன், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது இருக்கும், ஒப்பந்த ஆள் போல இருந்தான், "பாஸ் இருக்குங்களா மேடம்? இல்லேன்னா வரிசையில வாங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கே தெரியும். "நான் யாருன்னு தெரியுமா? உன் பேர் என்ன? ஐ.டி. கார்டைக் காட்டு." கார்டைப் போனில் படம் எடுத்தாய். வி.ஏ.ஓ. ஓடி வந்தார். அந்தப் பையன் கேட்டைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றான்.

நாம் உள்ளே போவதற்காக இந்தப் பக்கம் வரிசையைக் கயிறு கட்டி நிறுத்தினார்கள். நீ முன்னால் போய்விட்டாய், நான் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். முடியிறக்கிய ஒரு கைக்குழந்தை. தலையில் பூசிய சந்தனம் வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கி, வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதன் தாய் முந்தானையால் துடைக்கத் துடைக்க இன்னும் பரவியது. பாட்டி தரையில் உட்கார்ந்து மஞ்சள் பையால் விசிறிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமா நிக்கிறீங்க என்று கேட்டேன். காலையில் இருந்து என்றார்கள். நமக்காக இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். சந்நிதியில் எனக்கு ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

இறங்கும்போது அந்த வி.ஏ.ஓ.விடம், மாலை, தேங்காய், இளநீர் எல்லாம் எவ்வளவு ஆச்சுங்க என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டுங்கய்யா" என்றார். எத்தனை வற்புறுத்தியும் வாங்கவில்லை. அவருடைய சம்பளத்தில் இருந்துதானே அது போயிருக்கும்? மேலதிகாரி வந்தால் சாப்பாடு, ரூம், வண்டி, மாலை எல்லாம் கீழே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வது உங்கள் டிபார்ட்மென்ட்டில் நெடுநாள் பழக்கம் என்று எனக்குத் தெரியும். பழக்கம் என்பதால் அது கொடுத்தவர் பையில் இருந்து குறையாமல் போய்விடாது. கொடுக்க முடியாத வி.ஏ.ஓ. அதை ஊர்க்காரர்களிடம் வசூலிப்பார். ஒரு சிட்டாவுக்கு, ஒரு பட்டா மாறுதலுக்கு. லஞ்சம் ஒழிய வேண்டும் என்று நீ மனதாரச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அது இந்த மாலையில் இருந்துகூடத் தொடங்குகிறது.

காரில் வரும்போது நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "அப்பா, நீங்க வாழ்நாள் பூரா நின்னுட்டே இருந்தவர். இனிமே எங்கேயும் நிக்கக் கூடாது. அதுக்குத்தான் நான் படிச்சேன்."

அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது, தாயி. உன் கோபம் எங்கே இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். முதல் பட்டதாரிச் சான்று வாங்க நாம் இருவரும் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தோமே. கவுன்சிலிங் தேதி நெருங்கிக்கொண்டிருக்க, இன்றைக்கு ஐயா கேம்ப், நாளைக்கு வா, அந்தக் கையெழுத்து இல்லை என்று அலைய விட்டார்கள். யூனிஃபார்மோடு நின்ற என்னைப் பார்த்து, என்னைவிடச் சின்ன வயதுக்காரர் ஒருவர், "ஏய்யா, ஓரமா நில்லுய்யா" என்றார். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். நகம் பதிந்த இடம் சாயங்காலம் வரை சிவந்திருந்தது. அன்றைக்கு நீ மனதுக்குள் என்ன முடிவு செய்தாய் என்று நான் கேட்டதில்லை. இனி யாரும் யாரையும் இப்படிச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருப்பாய் என்றே இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கோயிலில் அந்தப் பையன் தலையைக் குனிந்தபோது, இனி என் அப்பாவை மட்டும் யாரும் இப்படிச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாயோ என்று பயம் வந்தது. இந்தக் கடிதத்தில் நான் கேட்க வேண்டியது இது ஒன்றுதான். நன்றாக யோசித்து, உனக்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

நீ என்ன சொல்வாய் என்றும் எனக்குத் தெரியும். பெண் அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தால் தலையில் ஏறி மிதிப்பார்கள் என்பாய். உண்மைதான். கூட்டத்தில் ஆண் அதிகாரியை 'சார்' என்றும் உன்னை 'அந்தப் பொண்ணு' என்றும் சொன்னவர்களைப் பற்றி நீ சொல்லியிருக்கிறாய். அதற்கு நீ விட்டுக்கொடுக்கவே கூடாது. ராத்திரி மணல் லாரியை மறிக்கும்போது, கண்மாய் ஆக்கிரமிப்பை எடுக்கும்போது, எவனாவது மிரட்டினால், நீ யார் என்று உரக்கச் சொல். அங்கே சொல்லத்தான் அரசாங்கம் உனக்கு அந்தப் பதவியைக் கொடுத்திருக்கிறது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்களே, அவர் தன் நாற்காலியைக் கேட்பது கர்வமா? அது அவருடைய உரிமை, அதை வாங்கிக்கொடுப்பது உன்னைப் போன்றவர்கள் வேலை. உட்கார வேண்டியவர் உட்காருவதை நான் குறை சொல்லவில்லை. உட்கார்ந்திருப்பவரை எழுப்புவதைத்தான் சொல்கிறேன்.

டோல்கேட்டில் நடந்ததும் அதே கணக்குதான். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு உன் சொந்தக் காரில் போனோம். அங்கே நீ கார்டை நீட்டினாய். உன்னைப் போன்ற நிர்வாக நடுவர் அரசு வேலையாகப் போகும் வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் கட்டணம் கிடையாது என்று 2008-ஆம் வருஷ விதியிலேயே இருக்கிறது. வேலையாகப் போகும்போது. போலீஸுக்கு வாரண்ட் எப்படியோ அப்படி. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையில் போகிறவர் நிர்வாக நடுவர் இல்லை, பெண் வீட்டுச் சொந்தக்காரர். அந்த பூத்தில் இருந்த பெண் உன் கார்டையும் பின்னால் ஹாரன் அடித்த வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்துத் திணறியதை நீ கவனித்திருக்க மாட்டாய்.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருஷங்களில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது. 2021 மே மாதம். அந்தப் பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். ஸ்டாப்பில் கை காட்டினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவது, ஏறினால் 'ஓசி' என்பது, கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்து எறிவது போலக் கொடுப்பது. அரசாங்கம் சட்டப்படி கொடுத்த உரிமையோடு ஏறியவளுக்கு அவமானம். அதே வண்டியில் எந்த உரிமையும் இல்லாமல் 'ஸ்டாஃப்' என்று உட்கார்ந்தவருக்கு வணக்கம். இரண்டு பேரும் காசு கொடுக்கவில்லை. இதை நினைத்து நினைத்து நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன். நாம் காசைப் பார்த்து மரியாதை கொடுப்பதில்லை, சட்டத்தைப் பார்த்தும் கொடுப்பதில்லை. யார் நமக்குக் கெடுதல் செய்ய முடியும் என்று பார்த்துக் கொடுக்கிறோம். உனக்கு இன்றைக்குக் கிடைக்கிற வணக்கத்தில் எவ்வளவு அன்பு, எவ்வளவு பயம் என்று பிரித்துப் பார்க்க உனக்குத் தெரிய வேண்டும்.

2024 மே மாதம் நாங்குநேரியில் அரசு பஸ்ஸில் ஏறிய காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. வாரண்ட் இல்லாமல் போலீஸ் இலவசமாகப் போக முடியாது என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அவ்வளவுதான், அடுத்த நாளே பல ஊர்களில் அரசு பஸ்களை நிறுத்தி, சீட் பெல்ட் இல்லை, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாய் என்று அபராதம் போட ஆரம்பித்தார்கள். கடைசியில் இரண்டு துறைச் செயலாளர்களும் பேசி முடித்தார்கள். அந்தக் காவலரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்துச் சமாதானமானார்கள், நல்ல விஷயம். நடுவில் மாட்டியவர்கள் ஒரு பாவமும் அறியாத டிரைவர்கள். என்னோடு வேலை பார்த்த டிரைவர்கள் எனக்குப் போன் பண்ணிப் புலம்பினார்கள்.

கார் தலையில் சுழலும் சிவப்பு விளக்கை 2017 மே 1 முதல் எடுத்துவிட்டார்கள். ஜனாதிபதி, பிரதமர் வண்டிக்குக்கூட இல்லை என்றார்கள். அப்போது நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அரசியல் சட்டம் 18-ஆவது பிரிவு, பட்டங்கள் ஒழிப்பு என்று சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. விளக்குப் போனதும் கண்ணாடியில் ஸ்டிக்கர் வந்தது. போலீஸ், பிரஸ், வக்கீல், டாக்டர் என்று எல்லா வண்டியிலும். 2024 மே 2 முதல் சென்னையில் அதற்கும் அபராதம் என்று அறிவித்தார்கள். விளக்கையும் ஸ்டிக்கரையும் உத்தரவு போட்டு எடுத்துவிடலாம். உன் சொந்தக் காரில் 'தமிழ்நாடு அரசு' என்று ஒட்டியிருக்கிறதே, அதை எந்த உத்தரவுக்கும் காத்திருக்காமல் நீயே உரித்துவிடு. பேரன் அதைக் காட்டித்தான் பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் தாத்தாவை மிரட்டுகிறான். நான் பார்த்தேன். அவனுக்கு ஏழு வயது.

இன்னொன்றும் யோசி. நாளைக்கு உன் கோட்டத்தில் ஒரு ஊரில் முதல் மரியாதைத் தகராறு வரும். வராமல் இருக்காது. யாருக்குப் பரிவட்டம், யார் முதலில் வடம் தொடுவது என்று இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அமைதிப் பேச்சுவார்த்தைக்கு நடுவில் உட்கார வேண்டியவள் நீ. தேவகோட்டைப் பக்கம் கண்டதேவித் தேர் அப்படித்தான் வருஷக் கணக்கில் ஓடாமல் நின்றது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஏகப்பட்ட போலீஸ் பாதுகாப்போடு 2024 ஜூனில்தான் ஓடியது. அந்த மேஜையில் உட்கார்ந்து, சாமி முன்னால் எல்லாரும் சமம் என்று நீ சொல்லும்போது, எதிரே இருக்கிற கிழவர் ஒருவர், "நீங்க எந்த கேட்ல போய் சாமி கும்பிட்டீங்க" என்று கேட்டால் என்ன சொல்வாய்? கேட்காவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். அதிகாரி எங்கே எப்படி நடந்துகொண்டார் என்பது ஊரில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் தெரியும்.

கக்கனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக்காரர், உள்துறை அமைச்சராக இருந்தவர். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் பொது வார்டில் படுத்திருந்தார். மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். தற்செயலாகத்தான் அவரைக் கண்டுபிடித்தார். எல்லாரும் இதை எளிமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்று தோன்றும். ஒரு மாஜி அமைச்சர் அந்த வார்டில் படுக்கலாமா என்று பதறுகிறோம். அப்படியென்றால் அங்கே பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்தவர்கள் மட்டும் படுக்கலாமா? பெரியவர்கள் எல்லாரும் அந்த வார்டில்தான் படுக்க வேண்டும் என்று இருந்தால், ஒரு வாரத்தில் அங்கே ஃபேன் ஓடும். மலைக்கோயில் வரிசையில் தண்ணீர்க் குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. நான் திறந்து பார்த்தேன். நம்மோடு வந்தவர்களில் ஒரு போன் போட்டு அதைச் சரிசெய்யக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ அந்தப் பக்கம் வரவே இல்லையே.

உன்னிடம் யார் வருகிறார்கள் என்று நினைத்துப் பார். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை. பெண்ணைப் புதைத்த கையோடு ஒரு தாய் உன் ரூம் வாசலில் வந்து நிற்பாள். மலையில் இருந்து பளியர் பழங்குடிக் குடும்பம் பிள்ளைக்குச் சாதிச் சான்று கேட்டு இறங்கி வரும். பஸ்ஸுக்குக் காசு கடன் வாங்கி வருவார்கள். என் வண்டியில் வந்திருக்கிறார்கள், 'இன்னைக்கும் அய்யா இல்ல' என்று திரும்பியும் போயிருக்கிறார்கள். 2007-ஆம் வருஷப் பராமரிப்புச் சட்டத்தில், பெற்ற பிள்ளை சோறு போடவில்லை என்று மனுக் கொடுக்கும் கிழவனும் கிழவியும் உன் முன்னால்தான் நிற்பார்கள். வக்கீல் இல்லாமலே வரலாம். அப்படியென்றால் அவர்களுக்கு உன் முகம்தான் வக்கீல். பெற்ற மகனைப் பற்றி வெளியே சொல்வதே அவர்களுக்குச் சாவு மாதிரி. உன் ரூம் வாசலில் நிற்கும் டபேதார் 'மெதுவாப் பேசு, அம்மா பிசி' என்று ஒரு அதட்டல் போட்டால், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் அப்படி அதட்டுவது தானாக இல்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் அவர் குரல் ஏறும், இறங்கும்.

வராந்தாவில் பெஞ்ச் போடச் சொல். வருகிறவர்கள் உட்கார்ந்துகொண்டே பேசட்டும். கேம்ப் போகிற நாளை முதல் நாளே வாசலில் எழுதி ஒட்டச் சொல், மலையில் இருப்பவர்கள் வீணாக இறங்க மாட்டார்கள். வருஷா வருஷம் கிராமக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்திக்கு வரும் சாப்பாட்டுச் செலவை உன் கையால் கொடு, ரசீது வாங்கு. உன் டிரைவர் மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறாயா? கல்யாண வீட்டில் அவர் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கூட்டி வந்து பந்தியில் உட்கார வைத்தேன். உன் சொந்தக் காரில் நாம் போக, அந்த ஜீப் ஏன் பின்னாலேயே வந்தது என்பதையும் யோசி.

அப்புறம், அந்தப் பையன் கார்டைப் படம் எடுத்தாயே, அதை யாருக்காவது அனுப்பினாயா? அனுப்பியிருந்தால் இன்றைக்கே பேசி, அவன் மேல் தப்பு இல்லை என்று சொல்லிவிடு. ஒப்பந்த ஆளை நிறுத்த ஒரு வாய்ச்சொல் போதும், மெமோகூட வேண்டாம். அவன் செய்தது சரியான வேலை. வரிசையில் வாங்க என்று சொன்னான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு முப்பது வயதில் ஒரு கோட்டாட்சியரை அப்படிச் சொல்லி, அவர் என் பேரைக் குறித்துக்கொண்டு போயிருந்தால், நீ படித்திருப்பாயா என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷன்தான் வழி என்றார்கள். மதுரையில் போய் டோக்கன் போட்டு, சுகர், பிரஷர் எல்லாம் பார்த்து, அடுத்த மாதம் தேதி வாங்கிவிட்டோம். காலையில் இருந்து மத்தியானம் வரை ஆனது. உசிலம்பட்டியில் இருந்து வந்த ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிச் சினேகமாகிவிட்டார்கள். இருவருக்கும் ஒரே நாள்தான் ஆபரேஷன். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நீ கோபப்படுவாய். சொல்லியிருந்தால் நீ யாருக்காவது போன் போட்டிருப்பாய். இப்போதும் டாக்டருக்கோ அவருக்கு மேலே இருப்பவருக்கோ போட வேண்டாம். அம்மாவுக்குத் தேதி முன்னால் வந்தால் உசிலம்பட்டி அம்மாவுக்குப் பின்னால் போகும்.

லீவு கிடைத்தால் வா. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன் பண்ணு, நான் டிவிஎஸ் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் துணைக்கு இருக்கலாம் என்றார்கள், அந்த இடத்தை உனக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆபரேஷன் ஆனதும் சொட்டு மருந்து வேளை தவறாமல் விட வேண்டுமாம். எனக்கு இப்போது கை நடுங்குகிறது, சொட்டு கன்னத்தில் விழுந்துவிடும். அதற்கு நீ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா